நாவல்களைத் தேடிய சிறுவர்

‘ஈத்கா’ கதையைப் படித்தவர்கள் பிரேம்சந்தை நன்கு அறிவர். அவர் 1880ஆம் ஆண்டு காசிக்கு அருகிலுள்ள லம்ஹி என்னும் சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் தனபத் ராய். தாயைச் சிறுவயதிலேயே இழந்தார். தந்தை அஞ்சலக எழுத்தர்.

கோரக்பூரில் படித்த காலத்தில் அவருக்கு உருது நாவல்களின்மீது தீராத ஆசை எழுந்தது. வாங்கப் பணமில்லை. ஆகவே, புத்தகக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து பாட உரைநூல்களைப் பெற்றுப் பள்ளி மாணவர்களிடம் விற்றுக் கொடுத்தார். அதற்கு ஈடாக நாவல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான நாவல்களைப் படித்து முடித்தார். மந்திரவாதிகள் நிறைந்த ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்னும் நெடுங்கதையின் தலையணை போன்ற தொகுதிகளையும் அவர் விடவில்லை.

பிறகு தாமும் எழுதத் தொடங்கினார். உறவினர் ஒருவரைக் கேலி செய்த நாடகமே முதல் படைப்பு. அது இன்று கிடைக்கவில்லை.

படிப்பவரைக் கதைக்குள் இழுக்கும் வித்தையை அந்நூல்களே அவருக்குக் கற்றுத்தந்தன எனலாம். ஆனால், மாயக்கோட்டைகளை அவர் எழுதவில்லை. தாம் நேரில் கண்ட கிராமத்தையே எழுதினார். 1936இல் வெளிவந்த ‘கோதான்’ நாவலின் நாயகன், கடனில் தவிக்கும் ஓர் உழவன்.

சிறுவயதில் விரும்பிப் படித்த எழுத்தாளர்களுள் ரத்தன்நாத் சர்ஷாரும் ஒருவர். அவருடைய பெரிய உருது நாவலைப் பிற்காலத்தில் பிரேம்சந்தே சுருக்கி, இந்தி மொழியில் தந்தார்.