ஏழைகளின் வைத்தியர் புனித மொஸ்காத்தி



கிராண்ட்பாஸ் புனித சூசையப்பர் ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில், நம் பெரியோர் தத்தம் பிரஷர் பற்றி உரையாடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உடம்பு சுகமாக இருப்பதால் குளிசையை நிறுத்திவிட்டதாகச் சிலர் சொல்வார்கள். செபமே போதும் என்பாரும் உண்டு. அவர்களுக்காக, சூசை என்னும் அதே பெயரைத் தாங்கிய புனிதர் ஒருவரின் வாழ்வை இன்று தியானிப்போம்.

ஜுசெப்பே மொஸ்காத்தி 1880 யூலை 25 இல் இத்தாலியின் பெனவெந்தோ நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு நீதிபதி. குடும்பம் பின்னர் நேப்பிள்ஸ் நகரில் குடியேறியது. இராணுவத்தில் இருந்த அண்ணன் அல்பேர்த்தோ குதிரையிலிருந்து விழுந்து தலையில் காயமுற்று, வலிப்பு நோய்க்கு ஆளானார். அவருக்குப் பணிவிடை செய்த நாட்களிலேயே தம்பியின் உள்ளம் நோயாளர்பால் திரும்பியது. 1897 இல் அவர் மருத்துவம் பயிலத் தொடங்கினார். அவ்வாண்டு டிசெம்பரில் மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கினால் தந்தையார் மறைந்தார்.

இத்தகைய குருதிப்பெருக்கிற்கு முதன்மையான காரணம் உயர் குருதி அமுக்கமே என்பதை இன்றைய மருத்துவம் உறுதியாக அறியும். அன்றோ, கையில் பட்டி கட்டி அமுக்கத்தை அளக்கும் கருவியை ரீவா-ரொச்சி என்னும் இத்தாலிய வைத்தியர் அறிமுகப்படுத்தி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதைக் குறைக்கும் சிறந்த குளிசைகள் 1950களின் இறுதியிலேயே பரவலாக வந்தன. மொஸ்காத்தியின் காலத்து நோயாளருக்குக் கிட்டாத வரம் அது.

1903 இல் பட்டம் பெற்ற மொஸ்காத்தி நேப்பிள்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றினார். 1906 இல் வெசூவியஸ் எரிமலை குமுறியபோது, தொர்ரே தெல் கிரேக்கோ நகர வைத்தியசாலைக்கு விரைந்து முதியோரையும் முடவரையும் வெளியேற்றினார். அவர்கள் வெளியேறிய பின் கூரை சாம்பல் பாரத்தால் இடிந்து விழுந்தது. தாயார் 1914 இல் நீரிழிவினால் இறந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் அதை நேப்பிள்ஸில் முதன்முதலாகப் பயன்படுத்தியோருள் மகனும் ஒருவரானார். ஏழைகளிடம் கட்டணம் பெற மறுத்தார். மருந்துச்சீட்டோடு பணத்தையும் வைத்து அனுப்பினார். நாள்தோறும் நற்கருணை உட்கொண்ட பின்னரே நோயாளரிடம் சென்றார். செபம் அவருக்கு மருந்தின் மாற்றாக இருக்கவில்லை. மருந்து கொடுக்கும் கரங்களுக்கு வலுவாக இருந்தது.

1927 ஏப்ரல் 12, புனித வாரச் செவ்வாய். காலையில் திருப்பலி கண்டு, வைத்தியசாலைப் பணி முடித்து, வீட்டில் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிற்பகல் தம் நாற்காலியில் அமர்ந்தபடியே இறைவனடி சேர்ந்தார். அப்போது வயது 46. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987 ஒக்டோபர் 25 இல் அவரைப் புனிதராக உயர்த்தினார். நவம்பர் 16 அவரது திருநாள்.

அன்பர்களே, உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இன்றி இருதயத்தையும் மூளையையும் சிறுநீரகங்களையும் கெடுக்கிறது. சுகமாக இருப்பதாக உணர்வது அமுக்கம் சீராக உள்ளதற்குச் சான்றாகாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். நம் நாட்டில் 700 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று மருந்துகளைச் சிறிய அளவில் சேர்த்த ஒரே குளிசையை எடுத்தோரில் 100க்கு 70 பேருக்கு ஆறு மாதத்தில் அமுக்கம் இலக்கை எட்டியது. வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 பேருக்கே எட்டியது. எனவே மருந்து பலனளிக்கும். வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தாதீர்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாதிருக்கட்டும். கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள்.

வைத்தியரையும் பூமியின் மருந்துகளையும் படைத்தவர் ஆண்டவரே எனச் சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்ததும், உங்கள் தாய் தந்தையர் குளிசை எடுத்தார்களா என்று அன்போடு கேளுங்கள். அதுவும் ஓர் இறைப்பணியே. புனித மொஸ்காத்தி நம் நோயாளர் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக.