ஒளிப்பதிவாளர் ஜெப்ரி அன்ஸ்வொர்த்

1978-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ என்னும் ஆங்கிலப் படத்தைப் பற்றிப் பேசுவோர், விண்ணிற் பறந்த கிறிஸ்டபர் ரீவ் என்னும் நடிகரையே முதற்கண் நினைப்பர். அஃது இயல்பே, அந்நடிகர் அப்புகழுக்கு முற்றும் உரியவர். ஆயினும், ஒரு காட்சியிலேனும் முகங்காட்டாது, காட்சிகள் யாவற்றையும் கண்ணுக்குப் புலப்படுத்திய ஒருவர் உளர். அவர்தாம் அப்படத்தின் ஒளிப்பதிவாளராகிய ஜெப்ரி அன்ஸ்வொர்த். திரைத்தொழில் அறிந்தோரிடைப் பெரும்பெயர் பெற்ற அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

அன்ஸ்வொர்த் 1914-இல் இங்கிலாந்தின் லங்காஷயரிற் பிறந்தார். 1932-இல் கோமான்-பிரிட்டிஷ் என்னும் படநிறுவனத்தில் இளந்தொழிலாளராய்ச் சேர்ந்து, ஐந்தாண்டு கழிந்தபின் டெக்னிகலர் நிறுவனத்தை அடைந்தார். அக்காலத்து டெக்னிகலர் காமிராவினுள்ளே மூன்று பிலிம் சுருள்கள் ஒருங்கே ஓடும். லென்ஸ் வழியே புகும் ஒளியைப் பட்டகம் ஒன்று பிரித்து அச்சுருள்களுக்கு அளிக்கும். இங்ஙனம் பங்கிடப்பட்ட ஒளி போதாமையின், அரங்கினை விளக்குகளால் உச்சிவெயில் போலாக்குதல் வேண்டும். அத்துணைக் கடுமையான ஒளியினிடையே தொழில் பயின்ற ஒருவர் பிற்காலத்தில் மென்மையான ஒளிக்கே பெயர்பெற்றார் என்பது எமக்கு வியப்பளிக்கின்றது. பாவல், பிரஸ்பர்கர் என்னும் இருவர் ஆக்கிய படங்களிலும் அவர் காமிராவை இயக்கியுள்ளார்.

பின்னர்த் தாமே ஒளிப்பதிவாளராகிப் படம் பல எடுத்தார். டைட்டானிக் கப்பல் மூழ்கிய செய்தியைக் கூறும் ‘எ நைட் டு ரிமெம்பர்’ (1958) அவற்றுள் ஒன்று. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) மற்றொன்று, அதன் பணி நெடிது நீண்டமையால் அவர் இடையில் வேறு பணிக்குச் செல்ல, ஜான் ஆல்காட் என்பவர் எஞ்சியவற்றை எடுத்து முடித்தார். ‘காபரே’ (1972) என்னும் படத்திற்காக அமெரிக்கத் திரைக்கழகத்தின் ஆஸ்கார் பரிசு அவரை வந்தடைந்தது.

அவர்தம் கலையின் உயிர்நிலை யாதெனின், ஒளியைக் கரையவிடுதலே. அரங்கில் மெல்லிய புகையைப் பரவச்செய்வார். அன்றி, லென்சின் முன்னே பனிபடர்ந்தாற்போன்ற கண்ணாடித் தகட்டினைப் பொருத்துவார். அப்பொழுது விளக்கினொளி தன் எல்லை கடந்து அயலிலுள்ள இருளிற் கசியும். கருமை சாம்பல்நிறம் எய்தும். விளிம்புகள் கூர்மை குன்றும். ‘சூப்பர்மேன்’ படத்தில் இம்முறை பெரும்பயன் விளைத்தது. கிரிப்டான் என்னும் கற்பனைக் கோளில் மாந்தர் அணிந்த ஆடை, படத்திரைக்குரிய ஒளிதிருப்புந் துணியால் ஆயது. ஆதலின் ஆடையே விளக்காய்ச் சுடர்கின்றது. இளைஞன் தன் வளர்ப்புத் தாயிடம் விடைபெறும் கோதுமை வயலோ காலைப்பொழுதின் ஒளியிலே தோய்ந்து நிற்கின்றது. கதையில் அது கான்சஸ் மாகாணம். படமெடுத்த இடமோ கானடாவின் ஆல்பர்ட்டா. மனிதன் பறத்தலை உலகம் நம்பியதற்கு இயந்திரச் சூழ்ச்சி மட்டுமன்று, இவ்வொளியும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

2018-இல், படம் வெளிவந்து நாற்பதாண்டு நிறைவெய்திய போது, அதனை 4கே எனப்படும் மிகுதெளிவுத் தட்டாக வெளியிட்டனர். 35 மில்லிமீட்டர் மூல நெகடிவிலிருந்து எடுத்த அப்படத்தில், திரையொன்றில் 83 லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த புள்ளிகள் உள. முந்திய உயர்தெளிவுத் தட்டினும் இது நான்கு மடங்கு. இத்துணைத் தெளிவை விலைகொடுத்து வாங்கியும் படம் மங்கலாயுள்ளதே என்று குறைகூறுவோர் உளர். விடுதியில் யாம் அதனைக் கண்டபோதும், தோழர் ஒருவர் தொலைக்காட்சியின் கூர்மையளவை ஏற்றிப் பார்த்தார். விளிம்புதோறும் வெண்கோடு எழுந்ததேயன்றி வேறு பயனில்லை!

அம்மங்கல் சுருளின் பழுதன்று. அன்ஸ்வொர்த் வேண்டுமென்றே அமைத்தது. பழைய தட்டுகளில் வெறுங் கலங்கலாய்த் தோன்றியது, இப்புதிய தட்டில் விளக்கைச் சூழ்ந்த ஒளிவட்டமாகவும், அதனூடே அசையும் பிலிமின் நுண்மணிகளாகவும் தனித்தனியே தெரிகின்றது. இம்மணிகளையும் குற்றமெனக் கொண்டு கணிப்பொறியால் துடைத்துவிடுவார் உளர். துடைத்தால் தோலின் நுண்மையும் உடன் அழிந்து, முகம் மெழுகுப்பாவை முகமாகும். ஆக்கியோன் உயிரோடிருப்பின் வந்து தடுப்பான். அவன் மறைந்துவிட்டாற் படச்சுருள் ஒன்றே அவனுக்குச் சான்று. அச்சான்றினை மாற்றி எழுத எவர்க்கு உரிமையுண்டு?

அன்ஸ்வொர்த்தோ தம் படம் அரங்கேறுமுன்னரே மறைந்தார். ‘சூப்பர்மேன்’ பணியின்பின் பிரான்சு நாடு சென்று, தாமஸ் ஹார்டியின் புதினத்தைத் தழுவிய ‘டெஸ்’ என்னும் படத்தை எடுத்துக்கொண்டிருக்கையில், 1978 அக்டோபர் 28-ஆம் நாள் பிரிட்டனி மாகாணத்தில் மாரடைப்பால் உயிர்துறந்தார். அகவை 64. ஆறு வாரங்கழித்து, டிசம்பர் 10-இல் வாஷிங்டன் நகரில் ‘சூப்பர்மேன்’ முதன்முதற் காட்டப்பெற்றது. அப்படம் அவர் நினைவுக்கே உரித்தாக்கப்பெற்றது. ‘டெஸ்’ படத்தைக் கிஸ்லன் க்ளோக்கே என்பவர் எடுத்து முடித்தார். 1981-இல் இருவர் பெயருக்கும் சேர்த்தே ஆஸ்கார் பரிசு வழங்கப்பட்டது. க்ளோக்கேயும் அவ்வாண்டிலேயே காலமானார்.