ஏமி ஜோன்சன்: தரையிறங்காமல் போன விமானி

ஊவாவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தேயிலைக்கு மணம் கூடும். லயத்துக் கூரைத் தகரமும் பறக்கும். அந்தக் காற்றுக்குள் எப்போதாவது ஒரு விமானம் வந்தால், பதுளைத் தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் வெளியே ஓடிவந்து கைகாட்டுவோம். 1977 கலவரத்துக்குப் பின் இங்கிருந்து வன்னிக்குப் போன பெரியம்மாவின் பிள்ளைகளோ, அதே சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடினார்கள்.

ஊடகவியல் படித்த காலத்தில் ஒரு பெண் விமானியின் கதையை அறிந்தேன். அது இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

ஏமி ஜோன்சன் 1903 இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு மீன் வியாபாரியின் மகளாகப் பிறந்தார். பொருளியல் படித்து, இலண்டனில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் செயலாளராக வேலை செய்தார். விமானம் ஓட்டப் பழகியதோடு அவர் நிற்கவில்லை. பழுதுபார்க்கவும் கற்று, அதற்கான உரிமமும் பெற்றார். 1930 மே 5 ஆம் திகதி, ஒற்றை இயந்திரம் கொண்ட பழைய ஜிப்சி மோத் விமானத்தில் அவுஸ்திரேலியாவுக்குத் தனியே புறப்பட்டார். அதற்குமுன் அவர் தனியாகப் பறந்த மிக நீண்ட தூரம் இலண்டனிலிருந்து ஹல் வரைதான்.

இத்தகைய சிறிய விமானத்துக்குத் தரையிறக்கமே கண்டம். காற்றை எதிர்த்து இறங்கினால் வேகம் குறையும். காற்று பக்கவாட்டில் அடித்தால் விமானம் பாதையை விட்டுத் தள்ளப்படும். சக்கரம் தரையைத் தொட்டதும் மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பும். பின்னாலிருந்து அடித்தால் திடல் போதாது. ஏமியின் விமானத்தில் பிரேக்கும் இல்லை.

இந்தியாவின் ஜான்சியில் எரிபொருள் தீர்ந்து இராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கியபோது, விமானம் கட்டடங்களுக்கிடையே ஓடி இறக்கை சேதமடைந்தது. ஒரு தச்சர் அதைச் சரிசெய்தார். ரங்கூனுக்கு அருகே இன்செயினில், மழையில் விளையாட்டுத் திடலில் இறங்கிப் பள்ளத்தில் பாய்ந்தது. அங்கிருந்த பொறியியல் கல்விக்கூடத்தார் பழுதுபார்க்க உதவினார்கள். மே 24 இல் டார்வினை அடைந்தார். அந்தத் தூரத்தைத் தனியே கடந்த முதல் பெண் அவர்தான். ஐந்து நாள் கழித்து, பெருங்கூட்டம் காத்திருந்த பிரிஸ்பேனில் திடலைத் தாண்டி, வேலியில் மோதிக் கவிழ்ந்தார். உயிருக்கு ஆபத்தில்லை.

ஒவ்வொரு விபத்திலும் யாரோ அருகில் வந்தார்கள். என்ன உடைந்தது என்று பார்த்தார்கள். உடைந்ததைத் திருத்தினார்கள்.

இரண்டாம் உலகப் போரில், விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் துணைப்படையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 ஆம் திகதி, மோசமான வானிலையில் வழிதவறி, தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில் பரசூட்டில் குதித்தார். அவரைக் காப்பாற்றக் குளிர்நீரில் பாய்ந்த கடற்படைக் கப்பலின் தளபதி வோல்டர் ஃபிளெச்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவேயில்லை. அவருக்கு வயது 37.

குளிரால் இறந்தாரா, கப்பலில் அடிபட்டாரா, தம் நாட்டு இராணுவமே சுட்டு வீழ்த்தியதா என்று அவருடைய நாட்டில் இன்னும் கேட்கிறார்கள். எண்பது ஆண்டுக்கு மேலாகியும் அதை யாரும் பழங்கதை என்று ஒதுக்கவில்லை.

2009 இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போன தன் மகனின் படத்துக்குப் பெரியம்மா இன்னும் மாலை போடவில்லை. போன கச்சான் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு விமானம் கடந்து போனது. நான் வெளியே போய்ப் பார்த்தேன். அவர் சத்தம் ஓயும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.