தோளில் அணிந்த டயர்

பதுளையிலிருந்து பசறைத் தோட்டங்களுக்குச் செல்லும் வளைபாதையிலே துவிச்சக்கரவண்டி துளைபட்டு நின்றவர், பிரான்சு நாட்டு வீரர் யூஜேன் கிறிஸ்தோப்பின் (1885–1970) வரலாற்றை நன்குணர்வர். அக்காலப் பந்தய டயர், குழாயை உள்ளே வைத்துத் தைத்து, சக்கரத்திற் பசையால் ஒட்டப்படுவது; வழியிற் செப்பனிடல் அரிது. ஆதலின் வீரர் மாற்று டயரொன்றை மாலைபோல் தோளின் குறுக்கே அணிந்து செல்வர். பிறர் உதவி பெறல் விதிக்கு மாறு. 1913இல் தூர் த பிரான்ஸ் போட்டியில், துர்மலே கணவாயிலிருந்து இறங்குகையில், கிறிஸ்தோப்புக்கு முன்சக்கரக் கவையே முறிந்தது. டயருக்கு மாற்றுண்டு, கவைக்கு ஏது? வண்டியைச் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்தார். சிற்றூர்க் கொல்லன் உலையிலே தாமே இரும்பைக் காய்ச்சிப் பொருத்தினார். துருத்தி ஊதிய சிறுவனின் உதவிக்காக நேரத்தண்டமும் விதித்தனர்! விதி விதியே, எனினும் நம் நெஞ்சு ஒப்பவில்லை. 1919இல் அப்போட்டியின் மஞ்சட் சட்டையை முதன்முதல் அணிந்தவர் இவரே. அவ்வாண்டும் முடிவு நெருங்குகையிற் கவை முறிந்தது, மூன்றாமிடமே கிட்டியது.