காற்றைக் கற்ற செம்மல்

நுவரெலியாவிலிருந்து ஹற்றன் நோக்கிச் செல்வோர், தேயிலைச் சரிவுகளுக்கு மேலே சிறகசைக்காது வட்டமிடும் பருந்தைக் கண்டிருப்பர். சரிவில் மோதும் காற்று மேனோக்கி எழுந்து அதனைத் தாங்குகின்றது. சீதாஎலியாவில் நிற்போர்க்குப் புட்பக விமானம் நினைவுக்கு வரும். சிந்தாமணி கற்போர்க்குச் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி நினைவுக்கு வரும். புலவர் கற்பனையிற் கண்ட பறப்பைக் குன்றேறிக் காற்றிலே கற்றவர் ஒருவர் உளர். அவரே ஜேர்மனி நாட்டு ஒற்றோ லிலியென்தால்.

பொமெரேனியாவிலுள்ள அங்கிளாம் என்னும் ஊரில் 1848 மே 23 ஆம் நாள் பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். தம்பி குஸ்தாவுடன் புல்வெளியில் நாரைகள் பறந்தெழுவதைக் கூர்ந்து நோக்குவதே இவர்தம் விளையாட்டு. நாரை காற்றுக்கு முதுகு காட்டி எழுவதில்லை, அதனை எதிர்நோக்கியே எழுகின்றது என்பதைச் சிறுவர் இருவரும் கண்டனர். அவர்கள் கற்ற முதற்பாடம் அதுவே.

பேர்லினில் பொறியியல் பயின்ற ஒற்றோ, கொதிகலனும் நீராவி எந்திரமும் செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். 1890 இல் இலாபத்தின் நாலிலொரு பங்கைத் தொழிலாளர்க்குப் பகிர்ந்தளிக்கும் முறையை ஏற்படுத்தினார். தோட்டத் தொழிலாளர் நடுவே வாழும் நமக்கு இச்செயல் அவருடைய பறப்பினும் சிறியதாகத் தோன்றாது.

பறக்குமுன் அவர் அளந்தார். சுழலும் கோலில் பலவகைப் பரப்புக்களைப் பொருத்திக் காற்றின் தாங்குவிசையைக் கணித்தார். தட்டையான சிறகினும் சற்றே வளைந்த சிறகு மிகுதியாகத் தாங்கும் என்று கண்டு, ஆய்வின் முடிபுகளை 1889 இல் நூலாக வெளியிட்டார்.

1891 இல் கழிகளும் துணியும் கொண்டு செய்த சிறகிற் பற்றித் தொங்கி ஏறத்தாழ 25 மீற்றர் மிதந்தார். இரண்டாண்டில் ரினோவ் குன்றுகளிலிருந்து 250 மீற்றர் வரை சென்றார். 1894 இல் பேர்லினருகே 15 மீற்றர் உயரமான செயற்கைக் குன்றொன்றை அமைத்தார். எத்திசைக் காற்று வீசினும் எதிர்கொண்டு பாய்தற்காக அது கூம்புருவாய் அமைக்கப்பட்டது. பிரித்தானியரான பேர்சி பில்ச்சர் அவரை நாடிவந்து உடன் பறந்தார். கற்றதை ஒளிக்கும் இயல்பு ஒற்றோவுக்கு இல்லை. தம் சிறகுகளைப் பிறர்க்கும் செய்து விற்றார்.

ஆயினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. உடலை இப்பாலும் அப்பாலும் அசைத்தே சிறகைத் திருப்ப வேண்டும். வன்காற்றின்முன் அது போதாது. 1896 ஆகத்து 9, ஞாயிற்றுக்கிழமை, ரினோவ் பகுதியிலுள்ள கொல்லன்பேர்க் குன்றில் சிறகு நடுவானில் தடைப்பட்டுச் சாய, சுமார் 15 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்தார். மறுநாள் பேர்லினில் உயிர்நீத்தார். ஏறத்தாழ ஈராயிரம் முறை பறந்தும், அவர் வானில் இருந்த நேரம் மொத்தம் ஐந்து மணி அளவே. அதற்குப் பின்னே முப்பதாண்டுக் கல்வி இருந்தது.

அவர் மரணச் செய்தியே அமெரிக்காவின் றைற் சகோதரரைப் பறத்தற்கலையின்பால் திருப்பியது. வானூர்தியைச் சமநிலையில் நிறுத்தி ஆளுவதே தீர்க்கவேண்டிய சிக்கல் என்று உணர்ந்த அவர்கள், 1903 இல் எந்திர வானூர்தியிற் பறந்தனர். 1989 இல் அதே கொல்லன்பேர்க்கின் அடிவாரத்துப் புல்வெளியில் பெரியதொரு பயணிகள் விமானம் இறக்கப்பட்டு, ஒற்றோவின் மனைவி ஆக்னெசின் பெயரால் நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டது.

மாணவர் இனிப் பருந்தைக் காணும்போது வியந்து நில்லாது, அது காற்றை எங்ஙனம் எதிர்கொள்கின்றது என்று நோக்குவாராக. ஒற்றோவின் கல்வி தொடங்கியதும் அங்ஙனமே.