சார்லஸ் டாட்டர்

சார்லஸ் தியோடர் டாட்டர் (ஜூன் 14, 1920 – பெப்ரவரி 15, 1985) ஓர் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் ஆவார். கதீட்டர் எனப்படும் மெல்லிய வடிகுழாயைச் செலுத்தி, அறுவையின்றித் தமனி அடைப்பை நீக்கும் முறையைத் தோற்றுவித்தவர். பக்கவாதத்திற்கு இன்று செய்யப்படும் ஸ்டென்ட் வழிச் சிகிச்சையின் வேர் இவரது பணியிலேயே உள்ளது.

வாழ்க்கை

பாஸ்டன் நகரில் பிறந்த இவர் டியூக் பல்கலைக்கழகத்திலும் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். 1952 இல், தமது 32 ஆம் அகவையில், போர்ட்லண்ட் நகரிலிருந்த ஓரிகன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் கதிரியல் துறைத் தலைவரானார். இறக்கும் வரை அப்பொறுப்பை வகித்தார். மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டவர்.

முதல் சிகிச்சை

அக்காலத்தில் கதிரியல் மருத்துவரின் வேலை படம் எடுத்துக் கொடுப்பதோடு முடிந்தது. 1963 இல், படம் எடுப்பதற்காக டாட்டர் செலுத்திய வடிகுழாய் ஒரு நோயாளியின் அடைபட்ட இடுப்புத் தமனியைத் தற்செயலாகத் திறந்துவிட்டது. நோயைக் காட்டும் கருவியாலேயே அதைத் தீர்க்கவும் இயலும் என அவர் உணர்ந்தார்.

ஜனவரி 16, 1964 அன்று 82 அகவையுடைய மூதாட்டி ஒருவருக்கு இதனைத் திட்டமிட்டுச் செய்தார். அம்மூதாட்டியின் கால் விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை அகற்ற அவர் இசையவில்லை. தொடைத் தமனியின் குறுகிய பகுதியில் முதலில் கம்பியையும், அதன்மேல் பருமன் கூடிய டெஃப்லான் குழாய்களையும் செலுத்தி டாட்டர் வழியை விரித்தார். கால் காப்பாற்றப்பட்டது. பின்னர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்த அவர், இறுதிவரை தம் கால்களாலேயே நடந்தார்.

எதிர்ப்பு

அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பலர் இம்முறையை ஏற்கவில்லை. படம் மட்டும் எடுக்குமாறும், சரிசெய்ய முயல வேண்டாம் என்றும் குறிப்பெழுதி நோயாளியை அனுப்பியோரும் உண்டு. ஐரோப்பிய மருத்துவர்களோ இதனை விரைவில் கைக்கொண்டனர். அங்கு டாட்டரின் பெயரே இச்சிகிச்சையின் பெயராயிற்று. 1974 இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் பலூன் பொருத்திய வடிகுழாயைப் பயன்படுத்திய பின்னரே இது பரவலாக ஏற்கப்பட்டது. 1978 இல் டாட்டர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார், பரிசு கிடைக்கவில்லை.

ஸ்டென்டும் பக்கவாதமும்

விரித்த தமனி மீண்டும் சுருங்காதிருக்க, நாய்களின் கால் தமனிகளில் சுருள்கம்பிக் குழாய்களைப் பொருத்திய ஆய்வை 1969 இல் வெளியிட்டார். 1983 இல் நிட்டினால் என்னும் நிக்கல்-டைட்டானியக் கலப்புலோகத்தால் ஆன சுருளைச் சோதித்தார். இது குளிர்ச்சியில் மெலிந்திருந்து, வெப்பம் பட்டதும் முன் வடிவத்திற்கு விரியும்.

இவர் முதன்மையாக ஆராய்ந்தது கால் தமனிகளையே. எனினும், மூளையின் பெருந்தமனியில் சிக்கிய குருதிக்கட்டியை அகற்றும் கருவியும் பெரும்பாலும் நிட்டினால் வலையாலேயே செய்யப்படுகிறது. தொடைத் தமனி வழியாக மூளைவரை சென்று, கட்டிக்குள் விரிந்து, அதனைப் பற்றிக்கொள்ளும் அவ்வலை கட்டியோடு வெளியே இழுக்கப்படுகிறது. இதய ஸ்டென்ட் போல் உள்ளேயே விடப்படுவதில்லை. தகுதியான நோயாளிகளிடம் இம்முறை ஊனத்தைக் குறைப்பதை 2015 இல் வெளியான பல ஆய்வுகள் மெய்ப்பித்தன. அப்போது டாட்டர் மறைந்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.