பேராசிரியர் கைலாசபதியும் ஒப்பியல் ஆய்வும்

தம் மொழியின் இலக்கியத்தைப் போற்றுவோர் பலர். அதனைப் பிறமொழி இலக்கியங்களின் அருகில் வைத்து நடுநிலையுடன் நோக்குவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராய்த் திகழ்ந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி.

1933ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆம் நாள் மலாயாவிலுள்ள கோலாலம்பூரிற் பிறந்த கைலாசபதி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் கற்றார். பின்னர்ப் பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகம் புகுந்து, பேராசிரியர் கணபதிப்பிள்ளை, செல்வநாயகம், வித்தியானந்தன் ஆகியோரிடம் தமிழ் பயின்று, 1957ஆம் ஆண்டில் முதல் வகுப்பிற் சிறப்புப் பட்டம் பெற்றார். தினகரன் நாளிதழின் ஆசிரியராயிருந்து ஈழத்து எழுத்தாளர் பலருக்கு ஊக்கமளித்த பின், பல்கலைக்கழக ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பாரதியையும் தாகூரையும் ஒப்புநோக்கும் இரு மகாகவிகள் என்னும் நூல் 1962இல் வெளிவந்தது.

கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக அவர் சென்றடைந்த இடம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம். அங்கு அவருக்கு வழிகாட்டியவர் கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். தொம்சன் தமிழ்ப் புலவரல்லர். எனினும், அயர்லாந்தின் கரையோரத் தீவொன்றில் மக்களோடு பழகி அவர்தம் மொழியையும் வாய்மொழி மரபையும் அறிந்து, அவ்வறிவைக் கொண்டு ஓமரின் காவியங்களை நோக்கியவர். இத்தகையவரிடம் சங்கப் பாடல்களை எடுத்துச் சென்றமையே கைலாசபதியின் ஆய்வுக்குப் புதுவழி திறந்தது.

அக்காலத்தில் மில்மன் பரி, அல்பேட் லோட் ஆகிய அமெரிக்க அறிஞரின் கொள்கை பெரிதும் பேசப்பட்டது. எழுத்தின் துணையின்றி அவை முன் நின்று பாடுவோனுக்கு, யாப்பிற் பொருந்தும் வழக்கமான தொடர்கள் ஆயத்தக் கருவிகளாய் உதவுகின்றன; ஆதலால் அத்தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன என்பது அதன் சாரம். கைலாசபதி இவ்வளவுகோலைச் சங்கச் செய்யுட்களுக்குப் பொருத்தினார். பாணரையும் பொருநரையும் விறலியரையும் அவர்களைப் புரந்த மன்னரையும், கிரேக்க, ஐரிய, வேல்சுப் பாடகரோடும் தலைவரோடும் ஒப்பிட்டார். ஒருவரையொருவர் அறியாத இனத்தாரின் பாடல்கள் ஒத்திருப்பதேன்? கடன் கொண்டமையாலன்று, குறுநில மன்னர் போரும் கொடையும் புகழும் நாடி வாழ்ந்த ஒத்த சமுதாய நிலை, ஒத்த பாடல் மரபைத் தோற்றுவித்தது என்பதே அவர் கண்ட விடை. 1968ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் கிளாரண்டன் அச்சகம் இவ்வாய்வைத் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக வெளியிட்டது.

இம்முடிவு எல்லாருக்கும் உவப்பாகவில்லை. சங்கச் சான்றோரை வாய்மொழிப் பாடகரென்றல் அவர்தம் புலமையைக் குறைப்பதாகுமெனக் கருதினோர் உளர். ஜோர்ஜ் ஹாட் என்னும் அமெரிக்க அறிஞரோ 1975இல் வெளியிட்ட நூலில், அச்செய்யுட்கள் பாணர் மரபைத் தழுவிக் கற்ற புலவர் இயற்றியவை என வாதிட்டார். எனினும், மறுப்போரும் சங்கப் புலவருக்கும் பாணருக்குமுள்ள உறவை ஆராயாது அப்பாற் செல்ல இயலாதாயிற்று. நல்லாய்வின் பயன் இறுதித் தீர்ப்பன்று. பின்வருவோர் தவிர்க்கவொண்ணா வினாவை எழுப்புதலே.

நாடு திரும்பிய கைலாசபதி, ஒப்பியல் இலக்கியம் என்னும் நூலை 1969இல் தமிழிலேயே தந்து, இத்துறையை ஆங்கிலம் அறியாத மாணவருக்கும் உரியதாக்கினார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராய் அமர்ந்து, உயராய்வு நம் மண்ணிலும் வேரூன்றப் பாடுபட்டார். 1982ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், தமது நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

பிறர் செல்வத்தை அறிவதால் நம் செல்வம் குறைவதில்லை. அதன் உண்மை மதிப்பே தெளிவாகின்றது. உயராய்வுக்குச் செல்லும் நம் மாணவர் பிறமொழியொன்றையேனும் ஆழ்ந்து கற்று, தம் மொழிக்கு அதன் ஒளியைக் கொணர்வாராயின், அதுவே அப்பேரறிஞருக்குத் தக்க நினைவாகும்.